கண்டவனும் கடனும்

ஓர் உண்மை அதைக் கண்டவனுக்கு முன்பே இருந்ததென்றால், அந்த உண்மையில் கண்டவனுக்கு உரிய பங்கு எவ்வளவு என்னும் கேள்வி, வேதாந்திகளையும் சித்தாந்திகளையும் நெடுங்காலமாக உறுத்தி வந்த கேள்வியாகும். அது நம் காலத்தில் மிகக் கூர்மையோடு மீண்டும் எழுந்தது 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு புத்தகத்தினால் என்பது என் எண்ணம். டி.என்.ஏ. என்னும் மூலக்கூறின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்குடன் சேர்ந்து கண்டறிந்த ஜேம்ஸ் வாட்சன், தாம் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞராயிருந்தபோது நிகழ்ந்த அந்தக் காரியத்தை, நான், என் நண்பர், என் போட்டியாளர், என் அவசரம் என்று தன்மையிடத்திலேயே நின்று சொன்ன நூல் அது. அதன் கையெழுத்துப் பிரதியைப் படித்த கிரிக்கும், லண்டன் கிங்ஸ் கல்லூரி விஞ்ஞானி மாரிஸ் வில்கின்ஸும் கடுமையாக ஆட்சேபித்ததால், முதலில் வெளியிட இசைந்திருந்த ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் பின்வாங்கியது; பிறகு வேறொரு பதிப்பகம் அதை அச்சிட்டது.

அந்த நூலின்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டை நான் மறுக்க வரவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஒப்பற்ற நேர்த்தியோடு எடுத்துவந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் அம்மையாரை, அவர் 1958-இல் 37 வயதிலேயே மறைந்து பத்தாண்டுகள் ஆன பின்னர், பதில் சொல்ல இயலாத அந்த நிலையில், எளிதில் சினம் கொள்பவராகவும் தம் தரவின் பொருளைத் தாமே உணராதவராகவும் அந்த நூல் சித்திரித்தது அநியாயமே. நூலின் இறுதியில் சேர்த்த ஒரு பின்னுரையில் தம் ஆரம்ப அபிப்பிராயங்கள் பல தவறானவை என்று வாட்சனே ஒப்புக்கொண்டதனால் அந்த அநியாயம் குறைந்துவிடவில்லை. ஆயினும், இந்தப் புத்தகத்தை அகங்காரத்தின் ஆவணம் என்று ஒதுக்கிவிட்டு, அதற்கு நேர்மாறான பணிவின் உதாரணமாக 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான அந்த ஒரு பக்கக் கட்டுரையைச் சுட்டுவார் உளரானால், அவர்களோடு நான் மாறுபடுகிறேன்.

காரணம் இதுதான். 1952 மே மாதத்தில் பிராங்க்ளினின் வழிகாட்டுதலில் அவருடைய மாணாக்கர் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த, 51 என்ற எண்ணிட்ட படத்தை, அம்மையாருக்குத் தெரியாமலே 1953 ஜனவரி இறுதியில் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார், அம்மையாரின் அளவீடுகள் அடங்கிய ஆய்வுக்குழு அறிக்கை மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கிரிக்கின் கைக்கு வந்தது, டி.என்.ஏ.வில் அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைட்டோசினும் சம அளவு என்னும் விதியை எர்வின் சார்காஃப் முன்னரே நிறுவியிருந்தார்; பாடப்புத்தகங்களில் வரைந்திருந்த வேதி வடிவங்கள் பிழையானவை என்று ஜெர்ரி டோனகியூ சொல்லித் திருத்தியிராவிட்டால் அந்த மூலங்கள் ஜோடி சேர்ந்திருக்கவே மாட்டா. இவற்றுள், டோனகியூவின் உதவிக்கு நன்றி கூறிய அந்தக் கண்ணியமான கட்டுரை, கிங்ஸ் கல்லூரியாரின் வெளிவராத முடிவுகளைப் பொதுவாக அறிந்திருந்ததால் தாங்கள் ஊக்கம் பெற்றதாக மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துக்கொண்டது. படம் காட்டப்பட்ட கதையும், அறிக்கை கைமாறிய கதையும் உலகத்துக்கு எப்படித் தெரிந்தன? அகங்காரி என்று நாம் பழிக்கும் அதே வாட்சன், தம் புத்தகத்தில் நான் பார்த்தேன், என் வாய் பிளந்தது, என் நாடி துடித்தது என்ற பாவனையில் அவற்றைத் தாமே சொன்னதனால்தான் தெரிந்தன. ஆகவே, 'நான்' என்பது இல்லாத கட்டுரை கடனை மறைத்தது. 'நான்' என்பதே நிறைந்த புத்தகம் கடனை வெளிப்படுத்தியது. இந்த விபரீதத்தை வைத்துக்கொண்டு அகங்காரம் என்பதன் இலக்கணத்தையே நாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய சாஸ்திரங்கள் அகங்கார நாசத்தைப் பற்றிப் பேசியதுபோல் வேறெதைப் பற்றியும் அவ்வளவு பேசியிருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் அகங்காரத்தை விடுவதென்றால் தன் பெயரைப் பேச்சிலிருந்து நீக்கிக்கொள்வது என்று பொருள் கொண்டு, தன்னைப் பற்றிப் பேசாதவனைப் பணிவுள்ளவன் என்றும், பேசுகிறவனைச் செருக்கன் என்றும் வகுத்துவிடுவது மிக எளிய வழி. மீமாம்சகர்கள் அவ்வளவு எளிதில் திருப்தி அடையவில்லை. வேதம் எவராலும் இயற்றப்படாதது, அபௌருஷேயம் என்பது அவர்களுடைய உறுதியான கொள்கை. ரிஷிகள் மந்திரங்களைக் கண்டவர்களேயன்றிச் செய்தவர்கள் அல்லர். அப்படியானால் ரிஷியின் பெயர் தேவையற்றதாகிவிட வேண்டும் அல்லவா? நடைமுறை அதற்கு முற்றிலும் மாறானது. ஜபத்துக்கு உட்காருகிறவர் முதலில் அந்த மந்திரத்துக்குரிய ரிஷியின் பெயரைச் சொல்லித் தலையையும், சந்தஸ்ஸைச் சொல்லி வாயையும், தேவதையைச் சொல்லி மார்பையும் தொட்ட பிறகே மந்திரத்தைத் தொடங்குகிறார். உண்மை அவருடைய உடைமை அன்று. என்றாலும் கண்டது அவர், அவர் வழியாகத்தான் நமக்கு வந்தது என்பதைத் தலையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். உடைமையை மறுத்து, உபகாரத்தை மறவாத இந்த ஏற்பாட்டில் இருக்கும் நுட்பத்தை விஞ்ஞான உலகம் இன்னும் முழுமையாக எட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

திருத்தணியில் 1888-இல் பிறந்து, நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உலகத் தத்துவ வரலாற்றில் ஓர் இடம் தேடித்தந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், தம்முடைய ஹிப்பர்ட் சொற்பொழிவுகளில் இந்த விஷயத்தை மற்றொரு பக்கத்திலிருந்து அணுகினார். விஞ்ஞானத்திலும் புதிய உண்மை பிறக்கும் கணம் தர்க்கத்தின் படிகளால் மட்டும் ஆனதன்று, கவிஞனுக்கும் ஞானிக்கும் நேர்வது போன்ற ஓர் உள்ளுணர்வின் தரிசனம் அதில் உண்டு என்பது அவர் கொள்கை. அதை நான் ஏற்கிறேன். 1953 பிப்ரவரி இறுதியில் ஒரு சனிக்கிழமைக் காலையில், அட்டையில் வெட்டிய வடிவங்களை மேஜையில் நகர்த்திக்கொண்டிருந்த வாட்சனுக்கு அந்த ஜோடிகள் சட்டென்று பொருந்திய கணம் அப்படிப்பட்டதே. ஆனால் இந்தக் கொள்கையைக் கேட்கிறவர்கள் அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தரிசனம் வந்தவனுக்கே தரிசனம் சொந்தம் என்று முடித்துவிடும் அபாயம் உண்டு. உள்ளுணர்வு அறிவின் உழைப்பிலிருந்து எழுவது, அதற்கு மாறுபட்டதன்று என்பதை இராதாகிருஷ்ணனே வற்புறுத்தியிருக்கிறார். அந்த உழைப்பு தரிசனம் பெற்றவனுடையதாக மட்டும் இருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் அவருடைய கொள்கை நிறைவு பெறும்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்துக்குத் தை அமாவாசையன்று போனவர்களுக்கு, நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாக விளங்கும். விடியுமுன்பே ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் ஜனங்கள், அந்தணர் மட்டுமல்லாமல் பல சாதியாரும், படிகளில் நெருக்கி அமர்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரையும் கோத்திரத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி இறைக்கும் அந்தக் கிரியையில், முப்பாட்டன் பெயர் தெரியாமல் விழிக்கிற இளைஞர்கள் உண்டு. அவர்களுக்காகவும் சாஸ்திரம் ஏற்பாடு செய்திருக்கிறது. தெரிந்தவரும் தெரியாதவருமான பித்ருக்கள் எல்லோருக்கும் என்று ஒரு முறையும், தாயோ தந்தையோ சுற்றத்தாரோ இல்லாமல் போனவர்களுக்கு என்று ஒரு முறையும் நீர் விடப்படுகிறது. தேவர்கள், ரிஷிகள், பித்ருக்கள் என்னும் மூவருக்கும் பட்ட கடனோடுதான் மனிதன் பிறக்கிறான் என்பது வேதத்தின் துணிபு. கற்பதாலும் கற்பிப்பதாலும் தீர்க்க வேண்டியது ரிஷி கடன்.

இதை நினைக்கும்போது டி.என்.ஏ.யைப் பற்றிய அந்தப் பூசல் எனக்கு மிகுந்த வியப்பையும் துக்கத்தையும் தருகிறது. அவர்கள் தேடியது என்ன பொருள்? தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் அவர்களுடைய முன்னோரிடமிருந்தும் ஒவ்வோர் உயிரும் பெற்றுக்கொண்டு வருகிற கடனையே பௌதிக வடிவில் தாங்கி நிற்கும் பொருள் அது. அதன் ஓர் இழையைப் பார்த்து மற்றோர் இழை எழுதப்படுகிறது. எந்த இழையும் தன்னிலிருந்தே தான் தோன்றியதென்று சொல்லிக்கொள்ள இயலாது. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் அதிரம்பாக்கத்தில், 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் கண்டெடுத்தும், நம் காலத்தில் சாந்தி பப்பு அவர்களின் குழு ஏறத்தாழ பதினைந்து லட்சம் ஆண்டுகள் பழமையென்று கணித்தும் வெளிப்படுத்திய கல்லாயுதங்களைச் செதுக்கிய, நம் இனத்துக்கு முந்திய கைகளுக்குள்ளும் அந்தச் சுருளே இருந்தது. அவ்வளவு பெரிய கொடையின் வடிவத்தைக் கண்டவர்கள், கண்ட செயலில் பட்ட கடனைச் சொல்வதற்கு ஒரு வாக்கியத்துக்குமேல் ஒதுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி வார்க்கும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆகையால் இந்த விஷயத்தை எனக்குத் தெரிந்த ஓர் ஏட்டின் வழியாகவும் சொல்லிப் பார்க்கிறேன். உலையிலிருந்து இறங்கும் ஒவ்வோர் உருக்கலுக்கும் ஒரு ஹீட் நம்பர் உண்டு; மாதிரி எடுத்தவர் யார், ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துக் கார்பனும் மாங்கனீஸும் கந்தகமும் பாஸ்பரஸும் பார்த்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று லாக் புத்தகத்தில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஆனால் மாதிரியை அரவைக் கல்லில் வைத்து, பறக்கும் பொறி எப்படிக் கிளைக்கிறதென்று பார்த்தே கார்பன் ஏறியிருக்கிறதென்று சொல்லிவிடக்கூடிய ஒடிசாக்காரத் தொழிலாளிக்கு அதில் கட்டம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் பையன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சார், அவர் பொறியைப் பார்த்துச் சொன்னதைத்தான் நாம மெஷின்ல போட்டுப் பார்த்தோம். அதை எழுதலாமா?" "ரிமார்க்ஸ்ல எழுது தம்பி, பேரோட எழுது" என்றேன். அன்று முதல் எங்கள் ஷிப்டில் அது வழக்கமாயிற்று. இதனால் இரும்பின் குணம் மாறவில்லை. மெஷின் காட்டிய எண்ணும் மாறவில்லை. எண் எப்படி நம்மிடம் வந்தது என்பது மட்டும் முழுமையாயிற்று. உண்மைக்குப் பெயர் தேவையில்லை, உண்மை வந்த வழிக்குப் பெயர் தேவை என்பது அங்கே எனக்குத் தெளிவாயிற்று.

இனி, இரட்டைச் சுருள் கண்டறியப்பட்ட அதே பத்தாண்டில், அதே துறையில், நம் சென்னையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகம் இரட்டைச் சுருளின் கதையை ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, முச்சுருளின் கதையை நாம்கூட நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் பௌதிகத் துறைக்குத் தலைவரைத் தேடியபோது, சர் சி. வி. ராமன் சுட்டிக்காட்டியது தம்முடைய மாணாக்கர் ஜி. என். இராமச்சந்திரனை. எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். கேம்பிரிட்ஜ் காவெண்டிஷ் கூடத்தில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். முப்பதை ஒட்டிய வயதில் கிண்டி வளாகத்துக்கு வந்து எக்ஸ்-கதிர் ஆய்வுக் கூடத்தை அமைத்துக்கொண்டு, எதை ஆராயலாமென்று யோசித்துக்கொண்டிருந்த அவரிடம், சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றின் ஆதாரமாகி, நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக நிற்பது கொலாஜன். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிடப்பட்டுச் செருப்பாகவும் பையாகவும் நீடித்து உழைப்பதும் அதன் உறுதியினால்தான். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்டை வளாகத்திலேயே இருந்தது பெரும் அனுகூலம். கங்காருவின் வாலிலுள்ள தசைநாணிலிருந்து நல்ல எக்ஸ்-கதிர்ப் படங்கள் கிடைத்தன.

கோபிநாத் கர்த்தா என்னும் இளம் சகாவோடு சேர்ந்து, படத்தின் புள்ளிகளையும் வேதியியலார் கணக்கிட்ட அமினோ அமிலங்களின் விகிதத்தையும் இரவு பகலாக ஒப்பிட்ட இராமச்சந்திரன், கொலாஜனில் மூன்று சங்கிலிகள் இணையாக ஓடுகின்றன என்ற முடிவை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். மூன்றில் ஓர் அமினோ அமிலம் தவறாமல் கிளைசினாக இருப்பதேன் என்னும் புதிருக்கு அந்த அமைப்பு விடையளித்தது: மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுவிடத்தில் மிகச் சிறிய கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அடுத்த ஆண்டிலேயே, அந்த மூன்று சங்கிலிகளும் நேராக நிற்காமல் ஒன்றையொன்று மெல்லப் பின்னிக்கொண்டு முறுகுகின்றன என்று தம் அமைப்பைத் தாமே திருத்தினார். பூமியைச் சுற்றும் சந்திரன் தன்னையும் சுற்றிக்கொண்டு என்றும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதை நினைத்தபோது, முறுகும் சங்கிலியிலும் கிளைசின் எப்போதும் நடுவை நோக்கியே இருக்கலாமென்ற யோசனை அவருக்குத் தோன்றியதென்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுவர். இங்கும் தரிசனம் உண்டு. அதன் பின்னால் கர்த்தாவின் கணக்கும், பெர்னாலின் சொல்லும், அண்டை நிலையத்தின் நட்பும், ஏதோ ஓர் ஆஸ்திரேலியக் காட்டில் திரிந்த பிராணியின் வாலும் உண்டு.

அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும், இரட்டைச் சுருள் கண்ட அதே பிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜனுக்குத் தங்கள் அமைப்பை வெளியிட்டனர். முறுகும் முச்சுருள் என்ற மூலக்கருத்து இரண்டுக்கும் பொது. ஆனால் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொல்ல, ஒன்றுதான் என்று அவர்கள் சொன்னார்கள். சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கவொண்ணாத அளவு நெருங்கி நிற்கின்றன என்றும் கண்டித்தார்கள். நாடு சுதந்திரம் பெற்று எட்டாண்டே ஆன காலத்தில், ஐரோப்பிய நிலையங்களின் சாதனங்களில் பத்தில் ஒன்றுமில்லாத ஒரு கூடத்திலிருந்து எழுதிய மனிதருக்கு இந்தக் கண்டனம் எவ்வளவு கசந்திருக்கும்! முன்னுரிமைக்காகக் கட்டுரை மேல் கட்டுரையாக வழக்காடிக்கொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். இராமச்சந்திரன் கண்டனத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக்கூடாது என்பதை உள்ளபடி சொல்லக்கூடியவர் யார்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் தொகுத்து, குறைந்தபட்சத் தூரங்களை வரையறுத்து, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இரு மாணாக்கரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களுக்கு எவை இசையும், எவை இசையா என்பதை ஒரே சதுரத்தில் வரைந்து 1963-இல் வெளியிட்டார். இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அழைக்கும் அதை வைத்துப் பார்க்காமல் இன்று எந்த நாட்டிலும் எந்தப் புரதத்தின் அமைப்பும் ஏற்கப்படுவதில்லை. பகைவரின் சொல்லையும் ஆசானின் சொல்லாகக் கொண்ட இந்தச் செயலைவிட அகங்கார நிக்கிரகம் என்பதற்குச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை; அதில் அவர் தம் பெயரை அழித்துக்கொள்ளவும் இல்லை, மாணாக்கர் பெயரை மறைக்கவும் இல்லை.

பிணைப்பு ஒன்றா, இரண்டா என்ற வழக்கு எப்படி முடிந்தது என்பதில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. அந்த அளவில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் இரண்டாவது பிணைப்பு நீர் மூலக்கூறு இடைநின்று உண்டாகலாம் என்று இராமச்சந்திரன் 1968-இல் சகா ஒருவரோடு சேர்ந்து முன்வைத்தார். 1994-இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு சங்கிலியின் படிகம் நுணுக்கமாக ஆராயப்பட்டபோது, முச்சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பின்னிய பிணைப்பு வலையே காணப்பட்டது. ஒரு நோக்கில் ஒன்று. மற்றொரு நோக்கில் ஒன்றுக்கு மேல். இந்த இரண்டும் ஒருசேர உண்மையாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் தர்க்கம் ஒன்று நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சமணர்களின் ஸ்யாத்வாதம் அது: எந்தப் பொருளைப் பற்றிய எந்தக் கூற்றும் ஏதோ ஒரு நோக்கில் நின்றே உண்மையாகிறது என்பதை ஒப்புக்கொண்டு, உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், சொல்லொணாதது என்பன முதலாக ஏழு வகையாகக் கூற்றுகளை அது அடுக்குகிறது. 1954-இல் புள்ளியியலின் அடிப்படைகளை விளக்கப் புகுந்த மகலனோபிஸும், 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த உயிரியலார் ஜே. பி. எஸ். ஹால்டேனும் இந்தத் தர்க்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இராமச்சந்திரனோ, பெங்களூரில் தம் பிற்காலத்தில், 1980-களில், ஸ்யாத் நியாயம் என்று பெயரிட்டு அதைக் கணிதக் குறியீடுகளில் அமைப்பதையே தம் முக்கிய வேலையாகக் கொண்டார். புரதம் ஆராய்ந்த பெரியவர் ஏன் இந்தப் பக்கம் திரும்பினார் என்று வியந்தவர்கள் உண்டு. எனக்கு அது இயல்பான முடிவாகவே தோன்றுகிறது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஜி. என். டி. சாலை வழியாகப் போகிறவர்கள், செங்குன்றத்துக்கு முன்னால் புழலைக் கடப்பார்கள். சிறைச்சாலையும் ஏரியும் அறிந்த அளவுக்கு அங்கே உள்ள பழமையான ஆதிநாதர் கோயிலை அவர்கள் அறியார். முதல் தீர்த்தங்கரருக்கு எழுப்பிய அந்தச் சமணக் கோயில், இந்தப் பக்கத்தில் ஸ்யாத்வாதம் வெறும் ஏட்டுச் சரக்காக இல்லாமல் மனிதர்களின் சமயமாக வாழ்ந்ததற்குச் சாட்சி. சமணத் தர்க்க நூலோர் ஒரு பேதம் செய்வார்கள்: ஒரு நோக்கிலிருந்து சொல்வது நயம், அந்த ஒரு நோக்கே முழுமை என்று மற்றவற்றை மறுத்துச் சொல்வது துர்நயம். வாட்சனின் புத்தகத்துக்கு இதைவிடச் சரியான அளவுகோல் கிடைக்காது. தாம் கண்டதைத் தம் கண்ணால் சொன்ன அளவில் அது நயம்; நமக்குப் பெரிய உபகாரம். பிராங்க்ளின் அம்மையாருக்குத் தம் வேலையின் பொருள் தெரியாது என்று தீர்ப்புச் சொன்ன அளவில் அது துர்நயம். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எல்லா நோக்கும் சமம், ஆகவே யார் சொன்னாலும் சரி என்று ஸ்யாத்வாதத்தைக் குழைத்துவிடுகிறவர்கள் அதை அறியாதவர்கள். நேரடிப் பிணைப்பு ஒன்றா இரண்டா என்பதைப் படிகம்தான் தீர்த்ததே தவிர, சமரசம் தீர்க்கவில்லை.

கண்டவரின் பெயரையும் கடனையும் சொல்ல வேண்டும் என்பதற்கு வேதாந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் வரும். அதை நான் மதிக்கிறேன். செய்கிறவன் நானல்லேன், பிரகிருதியின் குணங்களே செயல்களைச் செய்கின்றன, நானே கர்த்தா என்று எண்ணுவது மயக்கம் என்று கீதை உபதேசித்திருக்க, யார் எதைக் கண்டார் என்ற கணக்கெல்லாம் எதற்கு என்பார்கள். பரமார்த்தத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் கர்த்தா அல்லேன் என்ற வாக்கியத்தை ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாமே ஒழிய, மற்றவரைப் பார்த்து நீ கர்த்தா அல்லை என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லை. அவ்விதம் சொல்லும் கணத்தில், துறவின் வாக்கியம் அபகரிப்பின் வாக்கியமாக மாறிவிடுகிறது. பரிசு பெற்றவர் உண்மை எல்லோருக்கும் பொது என்று சொல்வது எளிது; 1962-இல் நோபெல் பரிசு வாட்சனுக்கும் கிரிக்குக்கும் வில்கின்ஸுக்கும் அளிக்கப்பட்டபோது பிராங்க்ளின் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. உண்மை பொது என்பதைச் சொல்லும் தகுதி, அந்த உண்மை தன் கைக்கு யார் யார் கைவழியாக வந்ததென்று முதலில் சொல்லி முடித்தவருக்கே உண்டு. கடனைச் சொன்ன பிறகு வருகிற மௌனம் ஞானியின் மௌனம். கடனைச் சொல்லாமல் காக்கிற மௌனத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்க நான் சம்மதியேன்.

இராமச்சந்திரனுக்கு நோபெல் பரிசு வரவில்லை என்ற ஆதங்கத்தை நம்மவர் அடிக்கடி வெளியிடுகிறார்கள். லண்டன் ராயல் சொசைட்டி 1977-இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. சென்னையில் 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் காலமானார். பரிசைப் பற்றிய ஆதங்கத்தைவிட நாம் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது, அது நம் கையிலேயே இருக்கிறது. திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் மேல்நிலை வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கரும்பலகையில் இரட்டைச் சுருளை வரையும் அன்று, வாட்சன், கிரிக் என்று நிறுத்திவிடாமல் பிராங்க்ளின், காஸ்லிங், வில்கின்ஸ், சார்காஃப், டோனகியூ என்ற பெயர்களையும் எழுதுங்கள், அதன் பக்கத்திலேயே முச்சுருளை வரைந்து இராமச்சந்திரன், கர்த்தா என்று எழுதி, அது கிண்டியில் கண்டறியப்பட்டது என்றும் சொல்லுங்கள்.